யோகா ஆசிரியை ஒருவரின் ஓராண்டு வரவு செலவு: சென்னைப் புறநகரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்கள் சிலருக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுத்து வருகிறேன். அப்படி வருகிறவர்களில் ஒருவர், சென்னையின் தெற்குப் புறநகரில் ஒன்பது ஆண்டுகளாக யோகா கற்பித்து வரும் நாற்பத்தொரு வயது ஆசிரியை. 2025 ஜூலையில் அவர் கொண்டு வந்த துணிப்பையில் ஒரு நீள நோட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பிளாஸ்டிக் உறையிட்ட இரண்டு சான்றிதழ்கள் ஆகியவை இருந்தன. வரிக் கணக்கைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "சார், மாசம் அம்பதாயிரம் வருதுன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கையில நிக்க மாட்டேங்குது. நான் நெஜமா எவ்வளவு சம்பாதிக்கிறேன்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பதிவே இது. யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர நினைக்கும் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால், பெயரும் இருப்பிடமும் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். கணக்கு 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டுக்கு உரியது. ஒரே ஒருவரின் கணக்கை வைத்துக்கொண்டு எல்லா யோகா ஆசிரியர்களின் வருமானத்தையும் அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் கசிகிறது என்பது இதே வேலையில் இருக்கும் வேறு சிலரிடம் கேட்டபோதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

முதலில் சான்றிதழைப் பற்றி. ஆசிரியையிடம் இருப்பவற்றில் ஒன்று பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைக் கல்வி வழியாகப் பெற்ற ஓராண்டுப் பட்டயம். மற்றொன்று ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018 முதல் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியம் வழங்கியது. அந்த வாரியத்தின் தேர்வில் எழுத்து, செய்முறை இரண்டும் உண்டு. யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், யோகா வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர், யோகா டீச்சர் அண்ட் இவேலுவேட்டர், யோகா மாஸ்டர் என்று படிப்படியாக ஏறும் நிலைகளில் இவர் இரண்டாம் நிலையை முடித்திருக்கிறார். வெளிநாட்டு ஸ்டுடியோக்கள் கேட்கும் அமெரிக்க யோகா அலையன்ஸ் பதிவு இவரிடம் இல்லை. அது தேர்வு வைத்துத் தரும் சான்றும் அல்ல. அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட பள்ளியில் 200 மணி நேரமோ 500 மணி நேரமோ பயின்றவர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

மாதம் ஐம்பதாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை நோட்டின் முதல் சில பக்கங்களே காட்டிவிட்டன. காலை பேட்சில் பதினாறு பேர், தலைக்கு 1,000 ரூபாய். மாலையில் வீட்டுக் கூடத்தில் நடக்கும் பெண்கள் பேட்சில் ஒன்பது பேர், தலைக்கு 800. வீட்டுக்கே சென்று தனியாகச் சொல்லித்தரும் இரண்டு குடும்பங்களில் மாதம் பன்னிரண்டு வகுப்பு வீதம் இருபத்துநான்கு வகுப்புகள், வகுப்புக்கு 500. தனியார் பள்ளி ஒன்றில் வாரம் இரண்டு நாள், அதற்கு மாதம் 9,000. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இடைத்தரகர் வழியாக மாதம் நான்கு வகுப்பு, வகுப்புக்கு 1,500. இவற்றைக் கூட்டினால் 50,200 ரூபாய் வருகிறது. கூட்டலில் பிழை எதுவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து, எல்லோரும் வந்து, எல்லோரும் பணமும் கொடுத்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கியதுதான் பிழை. அப்படியொரு மாதம் அந்த ஆண்டில் வரவே இல்லை.

காலை பேட்ச் நடப்பது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மொட்டைமாடிக் கூரைக் கூடத்தில். அங்கே பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையை மாதவாரியாக எழுதிப் பார்த்தோம். ஏப்ரலில் 11 பேர். மே மாதத்தில் 6 பேர். பள்ளி திறந்த பிறகு ஜூனில் 13, ஜூலையில் 15. அதன்பின் மெல்லச் சரிந்து அக்டோபரில் 10, நவம்பரில் 8. நவம்பர் மழை மாதம். கூடத்துக்கு மேலே தகரக் கூரை உண்டு, பக்கச் சுவர்கள் கிடையாது. சாரல் அடித்தால் விரிப்பு நனையும், விரிப்பு நனைந்தால் வகுப்பு இல்லை. அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வேறு வந்து சேர்ந்தது. டிசம்பரில் ஆசிரியைக்கே முதுகுப் பிடிப்பு ஏற்பட்டு ஒன்பது நாள் வகுப்பு நடக்கவில்லை. புத்தாண்டுத் தீர்மானங்களின் தயவால் ஜனவரியில் 16 பேர் சேர்ந்தார்கள், மார்ச்சில் மறுபடியும் 11. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 138 மாதக் கட்டணம், அதாவது 1,38,000 ரூபாய். வருகைப் பதிவேட்டின்படி வந்து பயின்றவர்களின் கூட்டுத்தொகையோ 161. மீதி 23 மாதக் கட்டணம் வரவேயில்லை.

ஏன் கேட்டு வாங்கவில்லை என்று கேட்டேன். "கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கு சார். ஆசனம் முடிஞ்சு சாந்தியாசனத்துல கண்ண மூடிப் படுத்திருக்கறவங்ககிட்ட எழுந்தவுடனே பீஸ் எங்கன்னா கேப்பாங்க?" என்றார். இந்தக் கூச்சம் இவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாட்டில் யோகா பெரும்பாலும் தொண்டாகவே பரவியது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் கற்பிக்கும் பலர் அதைச் சேவையாகச் செய்கிறார்கள். பூங்காக்களில் காலை வேளைகளில் பெரியவர் ஒருவர் பத்துப் பேருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதை எந்த ஊரிலும் காணலாம். வருமான வரிச் சட்டத்தில் அறச்செயல் என்பதன் வரையறைக்குள் யோகாவைப் பெயர் சொல்லிச் சேர்த்ததும் 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம்தான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு வாடகை கட்ட வேண்டிய ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தெருவில் சும்மா கிடைக்கும் பொருளுக்கு ஆயிரம் ரூபாய் விலை சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணத்தை 1,200 ஆக்கலாமா என்று அவர் மூன்று ஆண்டுகளாக யோசித்துக்கொண்டே இருப்பதன் காரணமும் இதுதான்.

மற்ற வரவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலை பேட்சில் ஆண்டு முழுவதும் சேர்த்து 67,200 ரூபாய். பள்ளியில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் சம்பளம் இல்லை என்பதால் பத்து மாதத்துக்கு 90,000. மென்பொருள் நிறுவனத்தில் 38 வகுப்புக்கு 57,000. ஜூன் 21 பன்னாட்டு யோகா நாளுக்கு நான்கு இடங்களில் அழைத்தார்கள். இரண்டு இடங்களில் 2,500 வீதம் 5,000 ரூபாய் கிடைத்தது, மற்ற இரண்டிலும் பொன்னாடை. நாடு முழுவதும் யோகாவைக் கொண்டாடும் நாளில் ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினால் போதும் என்று நினைக்கும் நிர்வாகிகள், அன்றைக்கு மைக் செட்டுக்காரருக்கும் பொன்னாடையோடு கணக்கை முடிப்பார்களா என்று தெரியவில்லை.

வீட்டுக்குச் சென்று நடத்தும் தனி வகுப்பு இதைவிடச் சிக்கலானது. வகுப்புக்கு 500 என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கண்ணுக்கு நல்ல தொகையாகத் தெரியும். பேசி முடிவு செய்தபடி ஆண்டுக்கு 288 வகுப்பு நடந்திருக்க வேண்டும். நடந்தவை 214. மீதி 74 வகுப்புகளுக்கு எதிரே நோட்டில் ஆசிரியையின் கையெழுத்தில் காரணங்கள் இருக்கின்றன: கல்யாணம், காய்ச்சல், பேரன் வந்திருக்கிறான், ஏகாதசி, ஊருக்குப் போய்விட்டார்கள். சில நாட்களில் வாசல் வரை சென்று அழைப்பு மணியை அடித்த பிறகு, "இன்னிக்கு வேண்டாம்மா, உடம்பு அசதியா இருக்கு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாட்களுக்கும் பணம் இல்லை. ஆக வரவு 1,07,000.

மொத்தம் 4,64,200 ரூபாய். செலவை எழுதச் சொன்னபோது "எனக்கு என்ன சார் செலவு, விரிப்பு ஒண்ணுதான்" என்றார். எழுத எழுதத்தான் தெரிந்தது. கூடத்துக்குச் சங்கம் வாங்கும் வாடகை மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் பழுதும் 31,200. விரிப்புகள், துண்டறிக்கை, பெயர்ப் பலகை வகையில் 9,500. கைபேசிக்கும் இணையத்துக்கும் 8,400. ஆண்டுக்கொரு முறை செல்லும் புத்தாக்கப் பயிற்சி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு 14,500. செலவு மொத்தம் 87,600 போக நிகர வருமானம் 3,76,600 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 31,383. வீட்டார் நினைத்துக்கொண்டிருந்த ஐம்பதாயிரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி இப்படி வந்ததுதான்.

வரிப் பக்கம் ஒரு சிறு நல்ல செய்தியும் இருந்தது. இடைத்தரகர் நிறுவனம் தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் பத்து விழுக்காடு பிடித்தம் செய்து, 57,000 ரூபாயில் 5,700ஐ இவர் பெயரில் அரசுக்குக் கட்டியிருந்தது. அந்த ஆண்டில் புதிய வரி முறைப்படி ஏழு லட்ச ரூபாய் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி இல்லை என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். முந்தைய ஆண்டுகளில் பிடித்ததை இவர் கேட்டு வாங்கவே இல்லை. "அது அவங்க கமிஷன்னு நினைச்சுட்டேன்" என்றார். சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றியும் பயந்திருந்தார். சேவை செய்பவர் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அந்தப் பயம் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் யோகா நிலையங்களுக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்த செய்தியால் குளிர்சாதன ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு ஏதேனும் மாற்றம் இருக்கலாம். இவருக்கு இல்லை.

இதுவரை சொன்னது ரூபாய்க் கணக்கு. நேரக் கணக்கையும் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அந்த ஆண்டில் அவர் நின்று கற்பித்த நேரம் 744 மணி. நிகர வருமானத்தை இதனால் வகுத்தால் மணிக்கு 506 ரூபாய். ஆனால் ஒரு வாரம் முழுவதும் கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். பயணத்துக்கும் காத்திருப்புக்கும் 11 மணி, வகுப்புத் தயாரிப்பு, வாட்ஸ்அப் பதில்கள், கட்டணம் நினைவூட்டல் ஆகியவற்றுக்கு 6 மணி என்று வந்தது. நாற்பத்தெட்டு வாரத்துக்கு அது 816 மணி. கற்பித்த நேரத்தையும் சேர்த்து 1,560 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 241 ரூபாய்தான் நிற்கிறது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தபோது எது லாபம், எது நட்டம் என்ற வரிசையே மாறிப்போனது. வகுப்புக்கு 1,500 தரும் மென்பொருள் நிறுவனம்தான் தன்னுடைய பெரிய வரவு என்று ஆசிரியை நினைத்திருந்தார். போய்த் திரும்பி, வாயிலில் அடையாள அட்டைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வகுப்புக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. மணிக்கு 430 ரூபாய்கூட இல்லை. தனி வகுப்பு, போக்குவரத்து நேரத்தோடு மணிக்கு 270 அளவில் நிற்கிறது. ஒருவர் வந்தாலும் பதினாறு பேர் வந்தாலும் அதே ஒரு மணி நேர உழைப்பில் முடியும் காலை பேட்ச், வாடகை போக வகுப்பு ஒன்றுக்கு 760 ரூபாய் தருகிறது. அதற்குப் பயணமும் பத்து நிமிடம்தான்.

அப்படியானால் காலை பேட்சையே நான்காக்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆசிரியை சிரித்தார். வயிறு காலியாக இருக்கும்போதுதான் ஆசனம் செய்ய வேண்டும், முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும் என்பது இந்தக் கலையின் பாலபாடம். ஆகவே யோகா ஆசிரியர் விற்கக்கூடிய நேரம் விடியற்காலை ஐந்தரை முதல் எட்டரை வரையிலும், மாலை நாலரை முதல் ஏழரை வரையிலுமாக ஒரு நாளைக்கு இரண்டே துண்டுகள்தான். அந்தத் துண்டுகளுக்குள் பயணமும் அடங்க வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஊர் முழுக்க அலுவலகத்தில் இருக்கிறது, அல்லது சாப்பிட்டுவிட்டிருக்கிறது. அந்த வெற்று நேரத்தில் ஏதாவது வரட்டும் என்றுதான் குறைந்த சம்பளமானாலும் பள்ளி வேலையை ஒப்புக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில் இந்தத் தொழிலின் வருமானத்துக்கு உச்சவரம்பு போடுவது சான்றிதழின் நிலை அல்ல. இந்த இரண்டு துண்டு நேரமும், அந்த நேரத்தில் எத்தனை விரிப்புகள் விரிகின்றன என்பதும்தான்.

சான்றிதழை இதுவரை யார் கேட்டுப் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். பள்ளி கேட்டது, இடைத்தரகர் நிறுவனம் நகல் வாங்கிக்கொண்டது. பேட்சில் சேர்ந்தவர்களோ, வீட்டுக்கு அழைத்தவர்களோ ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் "யார் சொல்லி வந்தீங்க?", "லேடீஸ் தனியா உண்டா?", "சுகருக்குக் கேக்குமா?" என்பவைதான். சான்றிதழ் திறக்கும் கதவுகள் நிறுவனங்களின் கதவுகள். அங்கே சம்பளம் முன்கூட்டியே முடிவானது.

அந்த நிறுவனக் கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆயுஷ் நல்வாழ்வு மையங்களுக்கான பகுதிநேரப் பயிற்றுநர் பணிக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு 250 ரூபாய் என்று நடுவண் அரசின் திட்டம் வகுத்தது. ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 வகுப்பு, பெண் பயிற்றுநருக்கு 20 வகுப்பு. அதனால்தான் தமிழ்நாட்டு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் விளம்பரங்களில் ஆணுக்கு 8,000, பெண்ணுக்கு 5,000 என்று ஒரே பணிக்கு இரண்டு தொகைகள் வந்தன. மணிக்கூலி சமம்தான், வகுப்பின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு என்று விளக்கம் சொல்லலாம். எங்கள் பகுதியில் யோகா கற்க வருகிறவர்களிலும் கற்பிக்கிறவர்களிலும் பெண்களே அதிகம் என்பதைத் தினமும் பார்க்கும் எனக்கு அந்த விளக்கம் தொண்டையில் இறங்கவில்லை. கேந்திரிய வித்யாலயாக்களின் ஒப்பந்த யோகா ஆசிரியர் பணிக்கு வந்த விளம்பரங்களில் மாதம் 21,250 என்ற தொகையைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் 2017 முதல் யோகாவும் ஒரு பாடம். முதுகலைப் பட்டமும் நெட் தேர்ச்சியும் பெற்று உதவிப் பேராசிரியர் ஆகிறவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியமே 57,700. இந்தத் துறையில் படிப்புக்கேற்ற சம்பளம் என்று துணிந்து சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதற்கான பணியிடங்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியராவது. பத்துப் பேரைச் சேர்த்துத் தலைக்கு 40,000 வாங்கி ஒரு 200 மணி நேரப் பயிற்சியை நடத்தினால், இந்த ஆசிரியை ஓராண்டில் ஈட்டிய மொத்த வரவை ஒரே பயிற்சியில் ஏறக்குறைய எட்டிவிடலாம். ரிஷிகேசத்தில் தெருவுக்குத் தெரு ஆசிரியர் பயிற்சிப் பலகைகள் தொங்குவதன் பொருளாதாரம் இதுதான். ஆனால் அதற்கு இடம், முதலீடு, அங்கீகாரம், துணை ஆசிரியர்கள் எல்லாம் வேண்டும். அதைவிட ஒரு நெருடலும் இருக்கிறது. அப்படிப் பயின்று வெளியே வரும் பத்துப் பேரும் அதே இரண்டு துண்டு நேரத்துக்குள், அதே தெருக்களில் விரிப்பு விரிக்கத்தான் இடம் தேடுவார்கள். ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, தன்னிடம் பயின்ற இருவர் ஏற்கெனவே அடுத்த தெருவில் 700 ரூபாய்க்கு வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

கணக்கு முடிந்ததும் அவர் மூன்று மாற்றங்களைச் செய்தார். ஆகஸ்ட் முதல் கட்டணத்தை மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் அனுப்ப வேண்டும் என்று குழுவில் ஒரு செய்தி போட்டார், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 2,700 என்றும் அறிவித்தார். முதல் வாரத்திலேயே ஐந்து பேர் மூன்று மாதத்துக்குக் கட்டிவிட்டார்கள். மென்பொருள் நிறுவன வகுப்பை விட்டுவிட்டார். தனி வகுப்பு நடக்கும் இரண்டு வீடுகளிலும், வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 5,000 நிலையான கட்டணம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சர்க்கரை நோய்க்காகப் பயிலும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். இன்னொரு வீட்டு அம்மாள், "என்னம்மா இது, யோகாவுக்கு இவ்வளவு கறாரா?" என்று கேட்டு வகுப்பை நிறுத்திவிட்டார். அதனால் காலியான காலை ஏழேகால் மணி நேரத்தில் அதே மொட்டைமாடிக் கூடத்தில் இரண்டாவது பேட்ச் ஒன்று தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு ஐந்து பேர்.